நாற்காலியில் நான்கு போர்வை

“டீச்சர், எழுபத்திரெண்டு கிலோவ ஒத்த ஆளாத் தூக்கணும்னா எங்கருந்து ஆரம்பிக்கணும்?”

ஸ்டாஃப் ரூமில் என்னிடம் இப்படிக் கேட்ட கோமதி இன்று விடியும்போது போய்விட்டாள். தூக்கத்திலேயே... ஹார்ட் என்றாராம் டாக்டர்.

மராத்தி பேசும் ஹடப்சரில் நான் பிசிக்ஸ் எடுத்த பள்ளியில் அவள் ஆபீஸ் கிளார்க். கோவில்பட்டிக்காரி. அந்தப் பள்ளியில் தமிழ் பேச எனக்கு அவள், அவளுக்கு நான்.

எழுபத்திரண்டு கிலோ என்று அவள் சொன்னது அவள் கணவர் சுந்தரம் சாரை. பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கம் தளர்ந்திருந்தது.

அவள் அப்படிக் கேட்டதற்கு முந்தைய வாரம் சார் பாத்ரூமில் விழுந்துவிட்டார். காயம் ஒன்றுமில்லை, ஆனால் இவளால் அவரை அசைக்கக்கூட முடியவில்லை. வாட்ச்மேனும், மாடிப்படியில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் வந்து தூக்கினார்கள்.

அவர் உடம்பில் ஓர் ஈரத்துண்டுதான்... ஃபேக்டரியில் செக்யூரிட்டி ஆபீசராக இருந்த மனிதர். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவுமில்லை.

“இனிமே யாரும் அவுகள அந்தக் கோலத்துல பாக்கக் கூடாது டீச்சர்” என்றாள் கோமதி. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நான் உடனே ஒரு பேப்பரை எடுத்து நெம்புகோல் படம் போட்டு விளக்கினேன். எனக்கு வேறென்ன தெரியும்?

முழுவதும் கேட்டாள். “நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா எங்க பாத்ரூம்ல கடப்பாரை வைக்க எடமில்லையே.”

சரியான பதிலைச் சொன்னது சாருக்கு எக்சர்சைஸ் சொல்லித்தர வந்த பிசியோதெரபிஸ்ட். “ஆன்ட்டி, முதல்ல நீங்க கையை ஊன்றாம நாற்காலியிலிருந்து எழுந்து காட்டுங்க.”

கோமதியால் முடியவில்லை. அன்று அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது.

நாற்காலியில் நான்கு போர்வையை மடித்துப் போடச் சொன்னார் பிசியோ. உட்காரும் இடம் உயர்ந்தால் எழுவது சுலபம். பத்து முறை சிரமமில்லாமல் எழ முடிந்ததும் ஒரு போர்வையை எடுத்துவிட வேண்டும்.

ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு முதல் நாளே பெருக்கல் சொல்லித்தருவோமா? விரல் விட்டு எண்ணுவதிலிருந்துதானே தொடங்குவோம்... அதே மாதிரிதான்.

போர்வைகள் ஒவ்வொன்றாகப் போயின. அப்புறம் நாற்காலியும் போய், தரையோடு தரையாக ஒரு மணைப்பலகை வந்தது. அப்புறம் அந்த மணையிலிருந்து, கோதுமைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

ஜிம் கிடையாது. டம்பெல் கிடையாது. கோதுமைதான்.

சாயங்காலம் இரண்டு கையிலும் கோதுமைப் பையோடு, மாவு அரைக்கும் கிர்ணி வரை நடப்பாள். கிர்ணிக்காரர் பையை வாங்கக் கையை நீட்டுவார். இவள் கொடுக்காமல் அப்படியே திரும்பிவிடுவாள்.

“என்ன சித்தி, கோதுமைக்கு இன்னிக்கும் வாக்கிங்கா?” என்று மராத்தியில் கத்துவார் அவர்.

“அதுக்கு சுகர் ஏறிப்போச்சு, டாக்டர் நடக்கச் சொல்லிருக்கார்!” இவளும் அதே மராத்தியில்.

பத்து மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்தாள். “டீச்சர், இன்னைக்கு மறுபடி விழுந்துட்டாக.”

“ஐயோ, வாட்ச்மேனைக் கூப்பிட்டியா?”

“எதுக்கு?”

முதலில் அவரை மெல்ல எழுப்பி உட்கார வைத்திருக்கிறாள். பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, எதிரில் ஒரு காலை மடக்கி மண்டியிட்டு, அவரை இறுக அணைத்துக்கொண்டு...

“எப்படிடி தூக்கினே?”

“தூக்கல டீச்சர். நான் எந்திச்சேன். அவுகளும் கூட வந்துட்டாக.”

முப்பத்தோரு வருடம் விசையைப் பற்றிப் பாடம் எடுத்தவள் நான். அன்று போட்ட நெம்புகோல் படத்தை மனதுக்குள் கிழித்துப் போட்டேன்.

இன்று மதியம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஹாலில் அந்த நாற்காலியில் சார் உட்கார்ந்திருந்தார். பெங்களூரிலிருந்து மகன் வந்திருந்தான்.

“இவ்வளவு தெம்பா இருந்தவங்களுக்கா?” என்று யாரோ கேட்டார்கள்.

கோமதியைத் தூக்க நான்கு பேர் குனிந்தபோது சார் அசைந்தார். மகன் ஓடிவந்து அவர் அக்குளில் கை கொடுத்தான்.

“விடுடா” என்றார்.

இடது காலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். உடம்பை முன்னால் சாய்த்தார். முதல் தடவை முடியவில்லை... இரண்டாவது தடவை எழுந்துவிட்டார்.

கோமதி வாசலைத் தாண்டும்வரை நின்றார். யாரும் பிடிக்கவில்லை.

நான் பார்த்துக்கொண்டே இருப்பதைக் கவனித்துவிட்டார். “தெனம் பத்து தடவை டீச்சர். அவதான் எண்ணுவா. ஒம்பதுல நிறுத்தினா விடமாட்டா.”

இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை.

அப்போதுதான் நாற்காலியைப் பார்த்தேன். மடித்த போர்வை ஒன்று கிடந்தது. ஒன்றே ஒன்று.

“நாலுல ஆரம்பிச்சோம்” என்றார்.

நிம்மதியாகப் போ கோமதி... நாளையிலிருந்து நான் வந்து எண்ணுகிறேன்.

இதைப் படிக்கிறவர்கள், இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்தே, இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு ஒரு தடவை எழுந்து பாருங்கள். முடியவில்லையென்றால் போர்வையை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.