சிவப்புத் துணி கட்டிய கம்ப்யூட்டர்

என் அண்ணன் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்க மூன்று வருடம் யோசித்தான். சாவதற்கு மூன்று நாள்தான் எடுத்துக்கொண்டான். காய்ச்சல் என்று வியாழக்கிழமை படுத்தவன் ஞாயிற்றுக்கிழமை மதியம் இல்லை. எதில் அவசரப்பட வேண்டும், எதில் நிதானமாக இருக்க வேண்டும் என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியவே இல்லை.

அவன் கல்யாண வீடியோ எடுப்பவன். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் கல்யாணம், காதுகுத்து, சீர் எதுவானாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். இந்த ஊரில் பாதிப் பேர் பந்தியில் பாயசம் குடிக்கிற காட்சி அவனிடம் பத்திரமாக இருக்கிறது. அவன் மட்டும் எதிலும் இல்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவனை யார் எடுப்பார்கள்? மாலை போட ஒரு நல்ல போட்டோ கிடைக்காமல், ஆதார் கார்டில் இருந்ததைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். அதில் ஏதோ கோழி திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி முழித்துக்கொண்டிருக்கிறான். அந்த முழிக்குத்தான் அம்மா தினமும் பூ வைக்கிறாள்.

முகம்தான் இப்படி. குரல் இருந்தது. சாவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு காதுகுத்துக்கு வாடகைக்குப் பெரிய கேமரா எடுத்துக்கொண்டு போனான். நான் லைட் பிடித்தேன். நான் வேலை பார்க்கிற பட்டறைக்கு லீவு விட்டால் அதுதான் என் வேலை. எடுக்கும்போது அவன் பேசிக்கொண்டே இருப்பான். எடிட் செய்யும்போது அதை வெட்டிவிட்டு நாதஸ்வரத்தைப் போட்டுவிடுவான். இந்த ஒன்றை மட்டும் எடிட் செய்யவில்லை. அதற்குள் போய்விட்டான்.

அவன் கம்ப்யூட்டரில் அதைத் திறந்தால் படம் அப்படியே நின்றுவிடும். சத்தம் துண்டு துண்டாக வரும். "டே..." என்பான். அத்தோடு சரி. பெரிய கேமராவில் எடுத்ததை விரித்துக் காட்டுகிற தெம்பு அந்தப் பழைய பெட்டிக்கு இல்லை. என் போனில் ஏற்றிப் பார்த்தேன், போன் கறுத்துப்போய் நின்றது. அந்த ஒரு "டே"யை வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் ஐந்து மாதம் ஓட்டினோம்.

நல்ல கார்டு ஒன்று போட்டால் ஓடும் என்று அண்ணனே சொல்லியிருந்தான். அதைத்தான் மூன்று வருடமாகச் சொன்னான்.

கம்ப்யூட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு கோழித் தீவன ஆபீஸில் கழித்துக் கட்டியதை அவன் வாங்கி வந்தான். ஒல்லியான பெட்டி. படுக்கப் போட்டால் உள்ளங்கை அகலம்தான் உயரம். இதற்கு எந்தக் கார்டு சரி என்று ஒரு நோட்டுப் போட்டு எழுதிவைத்திருந்தான். கார்டு செய்வது முக்கியமாக இரண்டு கம்பெனி, ஒன்றுக்குப் பச்சை நிறம், ஒன்றுக்குச் சிவப்பு. அவற்றுக்கு நடுவில் நடக்கிற சண்டையைப் பார்த்தால் நம் கட்சிக்காரர்கள் எல்லாம் சாதுக்கள். அண்ணன் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. விலை எழுதுவான், அடிப்பான், மறுபடி எழுதுவான்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டிங் வேலை. நோட்டில் பாதி எனக்குப் புரியவில்லை. சரி என்று வீடியோக்களைப் பார்த்தேன். "ஏழைகளுக்கான பட்ஜெட் கார்டு" என்று ஒருவர் சிரித்த முகத்தோடு ஒரு விலை சொன்னார். அந்த விலைக்கு எங்கள் பக்கம் கன்றோடு ஒரு மாடு பிடிக்கலாம். என்னிடம் இருந்தது ஐயாயிரம். மாட்டின் வால்தான் கிடைக்கும்.

கடைசியில் ஆத்தூரில் ஒரு ரைஸ் மில்காரர் மகன் தன் பழைய கார்டை விற்பதாகப் போனில் பார்த்துப் போனேன். முழங்கை நீளம், இரண்டு மின்விசிறி, நல்ல கனம். கையில் வாங்கியதுமே மரியாதை வந்தது.

"இதுல எந்த கேம் போட்டாலும் ஓடும் ப்ரோ" என்றான்.

"வீடியோ ஓடுமா?"

"இன்னா ப்ரோ, வீடியோ போன்லயே ஓடுமே."

"எங்க ஊட்டுல ஓடலைங்க."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நான் பேரம் பேசாமலே ஐந்நூறு குறைத்துக் கொடுத்தான். ஏதோ பாவம் என்று நினைத்திருப்பான். சரியாகத்தான் நினைத்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால், பெட்டியைவிடக் கார்டு உயரம். அண்ணன் நோட்டிலேயே பெட்டியின் உயரத்தை அளந்து எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தான். படித்தவன் அதைப் பார்த்தால், இதற்கு மேல் உயரமாக வாங்கக்கூடாது என்று புரிந்துகொள்வான். நான் பட்டறைக்காரன். எங்களுக்கு அளவு என்றால் வெட்டுவதற்கு. வெறும் சேசிஸாக வருகிற வண்டிக்கு, ஏற்றப்போகிற சுமையைப் பார்த்துத்தான் பாடி கட்டுவோம். சுமை பெரிதென்றால் பாடியை ஏற்றுவோம். சுமையைக் குறை என்று எவனிடமும் சொன்னதில்லை.

பட்டறை மேஸ்திரி என் தாய்மாமன்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே கிரைண்டரோடு வந்துவிட்டார்.

"என்ன மாப்ள, இஞ்சினு பெருசா இருக்குது, பாடி சின்னதாட்ட இருக்குது?"

"ஆமாங்க மாமா."

"அப்பப் பாடியத்தான் ஏத்திக் கட்டோணும். இஞ்சினையா அறுப்பாங்க?"

அவர் வாயிலிருந்து வந்தபோது அது அவ்வளவு நியாயமாக இருந்தது.

வெட்டுவதற்கு முன்னால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தேன். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்குள்ளயா சாமி அவன் பேசறது?"

"ஆமாங்கம்மா. கீழ போட்டறாதீங்க."

"நான் எதுக்குப் போடறேன்" என்று முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நாங்கள் வேலை முடிக்கும்வரை எழுந்திருக்கவே இல்லை. அடுப்பில் இருந்த பருப்பைப் பக்கத்து வீட்டு அக்கா வந்து அரைவேக்காட்டில் இறக்கி வைத்தார்.

மூடியை வெட்டினோம். பைப் வைத்துச் சட்டம் கட்டி, தகடு அடித்து, பிரைமர்கூடப் பூசிவிட்டார் மாமா. இரண்டு மணி நேரம் விட்டிருந்தால் டூல் பாக்ஸ் வைத்து, தார்ப்பாய் கட்ட கொக்கியும் போட்டிருப்பார். அப்படியும் கார்டின் ஒரு முனை பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாமா தன் வண்டியிலிருந்து ஒரு சிவப்புத் துணியை எடுத்து வந்து அந்த முனையில் கட்டினார்.

"எதுக்குங்க மாமா?"

"பாடிக்கு வெளிய சுமை நீட்டிட்டு இருந்தா செகப்புத் துணி கட்டோணும் மாப்ள. இல்லீனா போலீசு புடிச்சுக்குவான்."

சிரிக்கவே இல்லை. எலுமிச்சம்பழம் மட்டும் வைக்க வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

அம்மாவிடமிருந்து டிஸ்கை வாங்கி மாட்டி, சுவிட்சைப் போட்டேன். கார்டின் மின்விசிறி சுற்றவில்லை. அப்போதுதான் பார்த்தேன். அந்தக் கார்டுக்குத் தனியாகக் கரண்ட் கொடுக்க ஒரு வாய் இருந்தது. ஆபீஸ் பெட்டியில் அதற்கான ஒயரே இல்லை. கட்டிலை உள்ளே கொண்டுபோகச் சுவரை இடித்துவிட்டு, கட்டிலுக்குக் கால் இல்லை என்று கண்டுபிடித்த மாதிரி.

மாமா குனிந்து பார்த்தார். "எத்தன வோல்ட்டு கேக்குது?"

"பன்னண்டுன்னு போட்டிருக்குதுங்க."

"அட, லாரி பேட்டரி பன்னண்டுதான? பெரிய வண்டியவே எழுப்புது, இத எழுப்பாதா?"

ஐந்து நிமிடத்தில் பேட்டரி தோளில் ஏறி வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், நான் ஒயரைச் சீவிக்கொண்டுதான் இருந்தேன். அந்த "டே"க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டால் போதும், வேறு எதுவும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அம்மா வாசற்படியில் நின்றுகொண்டு கேட்டாள். "ஏஞ்சாமி, இது எரிஞ்சுபோச்சுன்னா அவம் பேசறதும் போயிருமா?"

மாமா பேட்டரியைக் கீழே வைத்தார். நான் ஒயரைக் கீழே வைத்தேன். மாமா வேகாத பருப்பைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுவாரம் அத்தனையையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் சேலம் போனேன். அஸ்தம்பட்டியில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடை. கல்லாவுக்கு மேலே மாதா படம், கீழே ஒரு அக்கா. என் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"தம்பி, இதுக்கு எஃப்சி காட்டியாச்சா?"

"இல்லீங்கக்கா."

"காட்டிருங்க. டோல்ல நிறுத்திடப் போறாங்க."

லாரி ஊர்க்காரனிடம் லாரி ஜோக்கு. வாங்கிக்கொண்டேன். வேறு வழி?

கார்டைத் தன் மெஷினில் மாட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன் என்றார். பிறகு ஒரு டப்பாவைத் திறந்து வேறொன்றைக் காட்டினார். பாதி உயரம், ஒரே ஒரு குட்டி விசிறி. பிஸ்கட் பாக்கெட்டுக்கு இலவசமாகக் கொடுத்தது மாதிரி இருந்தது.

"இதுக்குத் தனி ஒயர் வேணாம். மாட்டுற இடத்துலயே கரண்ட் எடுத்துக்கும். நீங்க கேட்ட வீடியோவுக்கு இதே ஜாஸ்தி. வெட்டாம இருந்திருந்தா அந்தப் பெட்டியிலயே கச்சிதமா உட்கார்ந்திருக்கும்."

நான் நோட்டை எடுத்து நீட்டினேன். புரட்டிக்கொண்டே போனவர் ஒரு பக்கத்தில் நின்றார். அந்தக் கார்டின் நம்பர் அங்கே இருந்தது. பக்கத்தில் டிக். கீழே அண்ணன் கையெழுத்தில் ஒரு வரி: இன்னும் ரெண்டு மாசம் பொறுத்தா விலை குறையும்.

குறையவில்லை. நூறு ரூபாய் ஏறியிருந்தது.

அந்தப் பக்கத்தை நானும் பார்த்திருக்கிறேன். போனில் அந்தக் கார்டின் படத்தைத் தேடி எடுத்துப் பார்த்து, இவ்வளவு சின்னதையா மூன்று வருடம் தேடியிருப்பான் என்று தள்ளிவிட்டேன்.

"கரெக்டா எழுதியிருக்காரே. யாரு இது?"

"எங்கண்ணனுங்க."

"அவரையே அனுப்பியிருக்கலாம்ல? ஒரு பெட்டி பொழச்சிருக்கும்."

"செத்துட்டானுங்கக்கா. அந்த வீடியோல அவன் பேசறான். அதுக்குத்தான்."

அக்கா நோட்டை மூடி, என் பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "தம்பி, டிஸ்கை என் மெஷின்ல மாட்டினா இப்பவே ஓடும். அஞ்சு நிமிஷம். கார்டே வேணாம். போட்டுக் காட்டட்டுமா?"

ஐந்து மாதம், ஆத்தூர் பயணம், கிரைண்டர், பேட்டரி. எல்லாவற்றுக்கும் பதில் ஐந்து நிமிடம். இது எனக்குத் தோன்றவே இல்லையா என்றால், தோன்றியது. முதல் மாதமே தோன்றியது.

"வேண்டாங்க. வேற மிசின்ல பேசுனா, அவன் வேற ஊட்டுக்குப் போயிட்டாப்பல இருக்கும்."

சொன்ன பிறகுதான் என் காதுக்கே அது கிறுக்குத்தனமாகக் கேட்டது. அக்கா சிரிக்கவில்லை. பழைய கார்டுக்கு ஈடாக அந்தக் குட்டிக் கார்டைக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் அதை மாட்டினேன். நாங்கள் கட்டிய பெட்டிக்குள் அது பதினாறு சக்கர லாரியில் ஏற்றிய ஒற்றைத் தேங்காய் மாதிரி இருந்தது. அதை நிறுத்திப் பிடிக்கிற தகட்டைத்தான் வெட்டி எறிந்திருந்தோமே. புதிதாக ஒரு துண்டு வெட்டி ரிவெட் அடித்தேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான். இப்போது எதுவும் வெளியே நீட்டவில்லை. சிவப்புத் துணியை அவிழ்க்கப் போனால், "இருந்துட்டுப் போகுது உடு" என்றாள் அம்மா.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திறந்தேன். பந்தல் வந்தது. மொட்டையடித்த குழந்தை அதன் தாய்மாமன் மடியில், ஆசாரி, தட்டு, கூட்டம். ஓரத்தில் நான் பிடித்த வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது.

"டே," என்றான் அண்ணன். படம் நிற்கவில்லை. "லைட்ட ஆட்டாதடா எருமை. ஏண்டா கை இப்படி நடுங்குது? சோறு திங்கறப்ப நடுங்குதா? மேல புடி. மேலன்னா வானத்துக்கா? உன்னய வெச்சுட்டு ஒரு பிரேமு எடுக்க முடியுதாடா..."

நான்கு நிமிடம். முழுக்க எனக்குத்தான். ஐந்து மாதமாக நான் கட்டி எழுப்பி வைத்திருந்த "டே"க்குப் பின்னால் இருந்தது இதுதான்.

அம்மா முதலில் சிரித்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் திரையைப் பார்த்து, "போதும் உடு சாமி. புள்ளய எத்தனதான் திட்டுவ" என்றாள்.

அவன் அதையும் கேட்கவில்லை. முடியப் போகிற நேரத்தில் குரலைத் தாழ்த்தி, "கை வலிச்சாச் சொல்லுடா, மாத்திக்கலாம்" என்றான். நான் என்ன பதில் சொன்னேன் என்று கூர்ந்து கேட்டேன். ஒன்றும் இல்லை. திட்டினான் என்ற கோபத்தில் பேசாமல் நின்றிருக்கிறேன். கை வலித்தது. நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"மறுக்காப் போடு" என்றாள் அம்மா.

போட்டேன். எங்கும் நிற்காமல் ஓடியது. எருமை என்றது இந்த முறை இன்னும் தெளிவாகக் கேட்டது.