எல்லா நாளும் பதினொன்று

போனில் தறிச் சத்தம் கேட்டது. அப்போதுதான் என் நோட்டில் இருந்த எண்கள் மேல் எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

நான் திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். வெள்ளைக் கோட்டில் என் பெயர் தைத்திருப்பதில் எனக்குப் பெருமை உண்டு. மாரடைப்புக்குச் சிகிச்சை முடிந்தவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் உடற்பயிற்சி கொடுக்கிறோம். கார்டியாக் ரீஹேப் என்போம். வாரம் மூன்று நாள் இங்கே வந்து மானிட்டர் மாட்டிக்கொண்டு செய்யலாம். வீட்டிலேயே நடந்து, போனில் எங்களிடம் சொல்லியும் செய்யலாம்.

செல்வராஜ் அண்ணா பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர். அடைத்த இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தது. "ரிஸ்க் கம்மிதான். எங்க செஞ்சாலும் சரி, நீயே பேசி முடிவு பண்ணு" என்று டாக்டர் என்னிடம் விட்டார்.

"ஊட்லயே பண்ணிக்கறனுங்க அம்மிணி. பஸ்ஸுக்கு நின்னே பாதி நாள் போயிருமுங்க."

நானும் தூரத்தை மட்டும் பார்த்துச் சரி என்றேன். நடக்கும்போது எவ்வளவு சிரமம் என்று ஓர் எண் சொல்ல வேண்டும். ஆறு என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது. இருபது என்றால் இனி ஓர் அடியும் முடியாது. அவருக்குப் பதினொன்று முதல் பதின்மூன்றுக்குள் இருக்க வேண்டும். இரண்டு வாரம், தினமும் "பதினொண்ணுங்க" என்றார். அழகாக எழுதிவைத்தேன். என் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். ஒரு பண்டலில் ஒரு டேமேஜ்கூடக் கிடைக்காவிட்டால் மறுபடி பிரித்துப் பார்ப்பவர். அவர் மகளுக்கு அது தோன்றவில்லை.

அன்று போனில் தறிச் சத்தம் கேட்டதும், "எங்கீங்ணா நடக்கறீங்க?" என்றேன்.

"தறிக்கு நடுவுலீங்க. நடக்கத்தானுங்க சொன்னீங்க?"

நடந்துகொண்டே மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பார்க்க, "உங்க ஊர்ல இருந்து இங்க வர்ற பஸ் ஸ்டாப்பெல்லாம் வரிசையாச் சொல்லுங்க" என்றேன்.

"பல்லடம்... அருள்புரம்..." ஒவ்வொரு பெயருக்கும் மூச்சு வாங்கியது. மூன்றாவது பெயர் வரவில்லை.

உட்காரச் சொன்னேன். "நெஞ்சு வலிக்குதுங்களா?"

"இல்லீங்க."

அந்த இல்லீங்கவை நான் நம்பவில்லை. அவர் மனைவியிடம் பேசி, உடனே கார் பிடித்துக் கூட்டிவரச் சொன்னேன். ஈசிஜி பார்த்து டாக்டர் மாத்திரையை மாற்றினார். நல்ல வேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் ஓய்வுக்குப் பிறகு டிரெட்மில்லில் நடக்க வைத்தேன். அவர் பதினொன்று என்ற இடத்தில் நாடித்துடிப்பு நாங்கள் குறித்த அளவைத் தாண்டியிருந்தது.

"ஏனுங்ணா மாத்திச் சொன்னீங்க?"

"நீங்க தெனமும் இத்தன அக்கறையாக் கேக்கறீங்க. முடியலீங்கன்னு எப்படீங்க சொல்றது?"

எனக்காகச் சொன்ன எண் அது. நாலு வாரம் இங்கேயே வந்தாக வேண்டும் என்றேன். தறியை அவர் மச்சினன் பார்த்துக்கொண்டார். பக்கத்து டிரெட்மில்லில் நடந்த, பனியன் கம்பெனியில் துணி தேய்க்கும் அயர்ன் மாஸ்டர் அவரைச் சும்மா விடவில்லை. "ஏனுங்க, பதினொண்ணுலயே ஊடு கட்டிக் குடி போயிட்டீங்களாட்ட இருக்குது." மானிட்டரைப் பார்த்து, உடம்பைக் கேட்டு, எண் சொல்லப் பழகினார். மூன்றாவது வாரம் தயங்கித் தயங்கி, "பதினாலுங்களா?" என்றார்.

இப்போது நான் தூரத்தை முதலில் கேட்பதில்லை. புதிதாக வருகிறவர், முடியவில்லை என்பதை என்னிடம் சொல்வாரா என்று பார்க்கிறேன். சொல்வார் என்றால் வீடு. இல்லாவிட்டால், சொல்லப் பழகும்வரை மருத்துவமனை.

செல்வராஜ் அண்ணா வீட்டுப் பயிற்சிக்குத் திரும்பிய வாரம், ஒரு காலை அவரே கூப்பிட்டார். பின்னால் தறிச் சத்தம் இல்லை.

"பதினஞ்சுங்க அம்மிணி. உக்காந்துட்டனுங்க."