மோர்டனிலிருந்து ஆர்ச்வே வழியாக ஒரு முதுகுப் பரிசோதனை

2007 ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், என் அறுபத்தெட்டாவது வயதில், லண்டன் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனேன். தங்கச்சி ரஞ்சி தந்த சிறுநீரகம் எனக்குள் பதினான்கு ஆண்டுகளை முடித்த நாள் அது. நன்றி சொல்லப் போன பயணம் ஆஸ்பத்திரியில் முடிந்தது. மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவர்கள் இதைக் கடைசிவரை படியுங்கள்.

முதியோர் பாஸ் காலை ஒன்பதுக்குப் பிறகுதான் செல்லும். 9.10க்கு மோர்டனில் சுரங்க ரயில் ஏறினேன். ஹை பார்னெட் ரயிலாகப் பார்த்து ஏறுங்கள். எட்ஜ்வேர் ரயில் என்றால் கேம்டனில் மாற வேண்டும். பாஸ் இல்லாதவருக்கு நான்கு பவுண். ஆர்ச்வேயில் இறங்கியபோது மணி பத்து. அங்கிருந்து 43ஆம் பேருந்து இருக்கிறது, இரண்டு பவுண். நான் ஏற்றத்தில் இருபது நிமிடம் நடந்தே போனேன். என்னை யாரும் நோயாளி என்று நினைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

உள்ளே வழக்கப்படி சட்டையைக் கழற்றினேன். பின்னால் நின்றவர் தோளில் தட்டினார்.

“அண்ணை, முதுகில என்ன புண்? ரத்தம் கசியுது.”

“பருவாக்கும்.”

“ஏன், முதுகிலயும் உங்களுக்குக் கண் இருக்கோ?”

தனியாக வாழ்பவனின் முதுகை யார் பார்ப்பது? ஆனால் தவறு என்னுடையதும்தான். மாற்று உறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்க நாம் குடிக்கும் மாத்திரைகள், காலம் போகப் போகப் புற்றுநோய்க்கும் இடம் கொடுக்கும், தோலைக் கவனியுங்கள் என்று ஒரு கையேடு தந்திருந்தார்கள். படங்களில் இருந்தவர்கள் எல்லாரும் வெள்ளையர்கள். இது எங்களுக்கில்லை என்று மூடிவைத்தேன். ஆங்கிலத்தை நானாகவே படித்தவன். அந்தக் கையேட்டை மட்டும் படிக்கவில்லை. ஆறாத குறை இன்னொன்றும் உண்டு. பதினான்கு ஆண்டுகளாக என் இரத்தத்தை எடுத்தவர்களில் ஒருவர்கூடச் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை.

அர்ச்சனை முடிந்ததும் பேருந்தில் நேரே சிறுநீரக கிளினிக்குக்குப் போனேன். மணி 12.40. வரவேற்பில் ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மலேசியத் தமிழ்த் தாதி ஒருத்தி வந்தாள்.

“அங்கிள், இன்னிக்கு முடியாதுலா. வீட்டுக்குப் போங்க.”

“ஏலாது பிள்ளை. இது என்ர சொத்தில்லை, தங்கச்சி தந்தது. பாத்தால்தான் எழும்புவன்.”

4.15க்கு டாக்டர் பார்த்தார். அடுத்த வாரமே புண்ணை வெட்டி எடுத்தார்கள். தோல் புற்றுநோய்தான், பரவவில்லை. இப்போது மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள். அதிகம் குறைத்தால் சிறுநீரகம் போகலாம், கூட்டினால் புற்று திரும்பலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கிறேன். ரஞ்சியின் சிறுநீரகத்தை விடுவதாக இல்லை.

கையேட்டில் யார் படம் இருந்தாலும் படியுங்கள். கிளினிக்கில் கேட்காவிட்டாலும் சட்டையைக் கழற்றுங்கள். மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். தனியாக இருப்பவர்களுக்குக் கோயில் இருக்கிறது. போன வெள்ளி, பின்னால் நின்ற ஒருவரிடம் முதுகைப் பார்க்கச் சொன்னேன்.

“கும்பிட வந்தனீங்களோ, முதுகு காட்ட வந்தனீங்களோ?”

“ரெண்டுக்கும்தான். வடிவாப் பாரும்.”

பார்த்தார். “ஒண்டும் இல்லை, அண்ணை.”

அதன் பிறகுதான் கைகூப்பினேன்.