எங்க பொண்ணு இருக்கா

திருத்தணியில், அதுவும் மலையடிவாரத்தில் வீடு வைத்திருப்பவனுக்குச் சொந்தக்காரர்கள் குறைவதே இல்லை. மொட்டை போட, காது குத்த, காவடி எடுக்க என்று மாதத்துக்கு ஒரு குடும்பமாவது வந்து இறங்கும். நகரி, புத்தூர் பக்கமிருந்து என் சொந்தம் வரும். அம்மையார்குப்பத்திலிருந்து என் மனைவியின் சொந்தம் வரும். அந்தச் சொந்தங்களுக்குத் தெரிந்தவர்கள் என்றுகூட ஆட்கள் வருவார்கள். எனக்கு அதில் ஒரு சலிப்பும் கிடையாது. நான் பஜாரில் லுங்கி, துண்டு விற்கிற சின்னக் கடைக்காரன், பேச்சில் மட்டும் பெரிய தாராளம். யார் போன் செய்தாலும் வாங்க வாங்க என்பேன். வயதானவர்கள் வருகிறார்கள் என்றால் அடுத்த வரி தயாராக இருக்கும்: "எங்க பொண்ணு இருக்கா, அவ படியேத்திக் கூட்டிகினு போவா."

அவளும் போவாள். எட்டாவது படிக்கும்போதே போக ஆரம்பித்துவிட்டாள். கைக்குழந்தையை வாங்கிக்கொள்வாள், பையைத் தூக்கிக்கொள்வாள், மொட்டை போடுகிற இடத்தில் அவர்களுக்காக வரிசையில் நிற்பாள். வந்தவர்கள் அவளை மெச்சுவார்கள். எப்படி வளர்த்து வைத்திருக்கிறான் பார் என்று என்னையும் சேர்த்து மெச்சுவார்கள். இரக்க குணமும் நீச்சலைப் போலத்தான், பிள்ளையைப் பிடித்துத் தள்ளிவிட்டால் தானாக வந்துவிடும் என்று அப்போது உறுதியாக நம்பினேன். என்னைச் சேர்த்து மெச்சுகிற அந்த இரண்டாவது பாதிதான் எனக்கு அதிகமாக இனித்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் கோயிலில் ஒரு வேண்டுதல் உண்டு. அடிவாரத்திலிருந்து மேலே வரை இருக்கிற முந்நூற்று அறுபத்தைந்து படிகளிலும் ஒவ்வொன்றாக மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிக்கொண்டே ஏறுவது. பெரும்பாலும் பெண்கள்தான் செய்வார்கள். போன வருடம், எனக்குச் சரக்கு தரும் பொதட்டூர்பேட்டைக்காரரின் மனைவிக்கு இந்த வேண்டுதல். அந்தம்மாவுக்கு இடுப்புவலி. நான் வழக்கம்போல எங்க பொண்ணு இருக்கா என்றேன். அவள் முழுக்க முழுக்கக் குனிந்து வைத்து முடித்தாள். அதன்பிறகு மூன்று நாள் அவளால் காலை மடக்கி உட்கார முடியவில்லை. ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றபடியே சாப்பிட்டாள். அதை நான் கடையில் வருகிறவர்களிடமெல்லாம் வேடிக்கையாகச் சொன்னேன். என் குரலில் பெருமைதான் இருந்தது.

இந்த வருடம் என் அக்கா போன் செய்தாள். நகரியில் இருக்கிறாள். அவள் மகன் பைக்கில் விழுந்து கால் உடைந்து, ஆறு மாதம் படுக்கையில் கிடந்து, இப்போதுதான் நடக்கிறான். அவன் நடந்தால் படிக்குப் படி மஞ்சள் வைப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அவளுக்கே முழங்கால் தேய்ந்துபோய், குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏறிவிடுவேன், வைக்கத்தான் முடியாது என்று போனில் அழுதாள். கை யாருடையதாக இருந்தால் என்ன, வேண்டுதல் உன்னுடையது, எங்க பொண்ணு இருக்கா என்றேன். அக்காவின் அழுகை நின்றுவிட்டது. எனக்கும் நிறைவாக இருந்தது. அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வந்து இறங்கினாள். இட்லி சாப்பிட்டாயிற்று. மனைவி பித்தளைக் கிண்ணத்தில் மஞ்சள் கரைத்து, தட்டில் குங்குமத்தையும் கற்பூரத்தையும் எடுத்து வைத்துவிட்டாள். கிளம்பும்மா என்று மகளிடம் சொன்னேன். இப்போது அவள் காலேஜ் முதல் வருடம். தினமும் அரக்கோணம் ரயிலில் போய் வருகிறாள். தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள் நிதானமாகச் சொன்னாள்.

"நான் வெக்கல நைனா."

அக்கா பெரிய மனுஷி. சட்டென்று புரிந்துகொண்டதுபோல என் பக்கம் திரும்பி, பொம்பளைப் பிள்ளை, நாள் கிழமை பார்க்கணும், வற்புறுத்தாதே என்று தணிந்த குரலில் சொன்னாள். எனக்கு உயிர் வந்தது. தப்பிக்க நல்ல வழி. மகள் அதையும் அடைத்தாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல அத்தை. எனக்கு இஷ்டமில்ல, அவ்ளோதான்."

என் காது சூடாகிவிட்டது. அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலேஜ் வாசலை மிதித்த திமிர் என்று மனைவியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். இத்தனை வருடமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த குணம் ஒரு காலை நேரத்தில் காணாமல் போய்விட்டதே என்று உண்மையிலேயே பயந்தேன். இத்தனைக்கும் நான் இவள் வயதில் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியும். என் அப்பா என்னைத் தறி வீடுகளுக்கு ஒத்தாசைக்குப் போகச் சொன்னால் ஆங் என்று தலையாட்டிவிட்டு ஏரிக்கரைக்கு ஓடிவிடுவேன். இவள் ஓடவில்லை. நின்று, முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

மனைவி கிண்ணத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"அண்ணி காத்துகினு இருக்காங்க. சொன்னது நீங்கதானே?"

அப்படித்தான் நான் மஞ்சள் கிண்ணத்தோடு முதல் படியில் குனிந்தேன். அக்கா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக என்னோடு ஏறினாள். கீழே இறங்கி வந்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஏண்ணா, வீட்டில் பொம்பளைங்க யாரும் இல்லையா என்று ஒருத்தி கேட்டே விட்டாள். இருபது படி வரை கோபத்திலேயே வைத்தேன். ஐம்பதாவது படியில் கோபம் போய் இடுப்பு வந்துவிட்டது. எழுபதுக்குப் பிறகு தொடை நடுங்க ஆரம்பித்தது. ஒரு படியில் கற்பூரம் அணைந்துபோய், மறுபடி பற்றவைக்கக் குனிந்தபோது, ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்று சாப்பிட்ட என் மகள் ஞாபகத்துக்கு வந்தாள். அன்று தட்டு அவள் கையில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் சிரித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, கண்ணும் கலங்கியது. வியர்வை என்று அக்கா நினைத்திருப்பாள்.

நூறு தாண்டி மண்டப நிழலில் உட்கார்ந்திருந்தோம். கீழேயிருந்து மகள் ஏறி வந்தாள். கையில் மோர் பாட்டில். மனசு கேட்காமல் வந்துவிட்டாள், நம் வளர்ப்பு வீண் போகவில்லை என்று எனக்குப் பழைய குஷி திரும்பிவிட்டது. பேசாமல் கிண்ணத்தை அவளிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. அத்தைக்கு மோரைக் கொடுத்துவிட்டு என் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.

"போன்ல சொல்றதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா வந்திருப்பேன் நைனா. ஒவ்வொரு தடவையும் நீயே என்னைத் தூக்கிக் குடுத்துடறே. அப்புறம் நான் குடுக்கறதுக்கு என்ன இருக்குது?"

அக்கா பாட்டிலை வாயிலிருந்து எடுக்காமல் வேறு பக்கம் பார்த்தாள். சரிம்மா, இப்போது கேட்கிறேன், மிச்சப் படிக்கு வைக்கிறாயா என்றேன். மகளிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் மேலே இருக்கிற படிகளை நிமிர்ந்து பார்த்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"வேணாம் நைனா. நீயே வை. நான் அத்தையைப் பாத்துக்கறேன்."

அவள் அக்காவின் கையைப் பிடித்து இழுக்கவில்லை. தன் முழங்கையை மடக்கிக் காட்டினாள். அக்கா தனக்கு வேண்டிய மட்டும் அதில் பாரம் போட்டுக்கொண்டு ஏறினாள். அவள் நின்றால் இவளும் நின்றாள், ஏன் நின்றீர்கள் என்று கேட்கவில்லை. அதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நாலைந்து படி யோசித்தேன். பக்கத்து வீட்டில் வாயும் வயிறுமாக இருந்த பெண்ணைச் சாக்கடைப் பலகை தாண்டி என் மனைவி கூட்டிப்போகும்போது இப்படித்தான் முழங்கையை நீட்டுவாள். அதைச் செய்யச் சொல்லி அவளை யாரும் அனுப்பவில்லை. செய்ததை அவள் யாரிடமும் சொன்னதும் இல்லை. நான் போனில் எங்க பொண்ணு இருக்கா என்று பேசிக்கொண்டிருந்த வேளைகளில், எங்க பொண்ணு அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

மேலே போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. கடைசிப் படியில் குங்குமம் வைத்தபோது அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். என் மகளைக் கட்டிக்கொண்டாள், என் தலையிலும் கை வைத்தாள். அடுத்த மூன்று நாள் நான் ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்று சாப்பிட்டேன். மகள் போகும்போதும் வரும்போதும் சிரித்தாள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான்காம் நாள் காலையில் போன் அடித்தது. புத்தூரிலிருந்து ஒரு தூரத்துச் சொந்தம். அடுத்த கிருத்திகைக்கு எட்டுப் பேர் வருகிறார்களாம், இரண்டு பேருக்கு மொட்டை, கூடவே நடக்க முடியாத மாமியார் ஒருவர். எட்டுப் பேரும் வாங்க வாங்க என்றேன். அடுத்து எங்க என்பது வரைக்கும் வாயில் வந்துவிட்டது. நிறுத்தினேன். மகளிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், அவளுக்கு முடியாது என்றால் நானே கூட்டிப்போகிறேன் என்றேன். எதிர்முனையில் இருந்தவர் போன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு முறை ஹலோ சொன்னார்.

மகள் ரயிலுக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். சமையலறையில் மிக்ஸி நின்றது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"எட்டு பேருக்கு சாப்பாடுன்னு இந்நேரம் சொல்லியிருப்பீங்களே. என்னை எப்ப கேக்கப் போறீங்க?"