பாட்டில் அடியில் நின்ற மணல்

ஜலஜாவின் கை தராசைவிடச் சரி என்று கோட்டூர்புரத்து அந்தத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சொல்வார்கள். அவளும் மறுத்ததில்லை. இருபத்திரண்டு வருஷமாக மயிலாப்பூரிலிருந்து எட்டரைக்கு வந்து நிற்கிறவள். இப்படிப்பட்டவர்கள் தப்பு செய்தால்தான் யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

மலையிலுள்ள ஒரு சின்ன நீர்மின் நிலையத்திலிருந்து வாரம் ஒரு பெட்டி ஆற்றுத் தண்ணீர் வரும். அதில் எவ்வளவு மண் என்று அவள் சொல்ல வேண்டும். மணல் படியும் தொட்டியை எப்போது திறந்து கழுவுவது என்று அதை வைத்துத்தான் அங்கே முடிவு செய்வார்கள். கழுவாமல் விட்டால் மணல் டர்பைனுக்குள் போய் இரும்பை அரித்துவிடும்.

விதிப்படி பாட்டிலைக் கடைசிச் சொட்டுவரை வடிகட்டி, அடியையும் அலசி ஊற்றி, வடிகட்டிய தாளைக் காயவைத்து எடைபோட வேண்டும். மழைக்காலச் சேற்றில் தாள் அடைத்துக்கொள்ளும். ஒரு பாட்டிலுக்கே அரை நாள் போய்விடும். இரண்டு மாதம் முன்பு பெய்த மழையில் ஜலஜா குறுக்கு வழிக்குப் போனாள். பாட்டிலைக் குலுக்கி, மேலாக ஒரு டம்ளர் ஊற்றி, அதை மட்டும் வடிகட்டி எடைபோட்டு, முழுப் பாட்டிலுக்கும் கணக்கைப் பெருக்கிவிட்டாள். சேறு வந்தது. கனமான மணல் அதற்குள் கீழே இறங்கிவிட்டது. தினமும் ரசம் வைக்கிறவளுக்கு மண்டி எங்கே நிற்கும் என்று தெரியாதா என்ன?

வியாழக்கிழமை மத்தியானம் மெஹபூப் பாஷா வந்தார். ராயப்பேட்டைக்காரர், அந்த நிலையத்தில் ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து அனுப்புகிறவர்.

"டர்பைன் பூரா அரிச்சிப் போயி கீது மேடம். ரிப்போர்ட்ல மண்ணு கம்மியா கீதேன்றாங்க. கரையோரத் தெளிஞ்ச தண்ணியப் புடிச்சேன்னு எனக்கு மெமோ. திங்கக்கெழம விசாரணை, வேலை போயிடும்."

"நீங்க எங்க புடிச்சேள்?" பதற்றத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"கயிறு கட்டிக்கினு நடு ஆத்துலதான். ஆனா காய்ச்சலோட ரெண்டு வாரம் எறங்கினேன். அப்போ தப்பா புடிச்சேனோ இன்னாவோ, எனக்கே டவுட்டா கீது. பாட்டில்லாம் சீலோட வந்துச்சுன்னு ஒரு லெட்டர் மட்டும் குடுங்க."

எழுதினாள். சீலுடன்தான் வந்தன, அதில் பொய் இல்லை. ஆனால் கையெழுத்துப் போடப் போகும்போது உடம்பெல்லாம் கூசியது. காய்ச்சலோடு ஆற்றில் இறங்கியவர் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு எதிரே நிற்கிறார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள் நல்ல பேரோடு வீட்டுக்குப் போகலாம். இவ்வளவு கேவலமாக அவள் என்றுமே உணர்ந்ததில்லை.

மீதித் தண்ணீரை மூன்று மாதம் வைத்திருப்பது அங்கே வழக்கம். அலமாரியிலிருந்து அவர் கையெழுத்துள்ள பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தாள். அடியில் அரை விரற்கடை மணல் இருந்தது.

"மணல் வந்திருக்கு. நான்தான் அதை எடைபோடலை. மேலாப்புல இருந்த தண்ணியை மட்டும் பார்த்தேன்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. பாஷா பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, மணல் சரிவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் சரியாத்தான் புடிச்சிகீறேனா மேடம்?"

ஜலஜாவால் தலை நிமிர முடியவில்லை. எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுத் தாளில் முதல் வரியாக, தப்பு செய்தவள் என்று தன் பெயரை எழுதினாள்.