பழைய கொக்கியின் கீறல்

1. துண்டில் சுற்றி வந்த பிஸ்டல்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு வேலுச்சாமி முதலாளி கடைக்குள் வந்தார். வலது கையில் பெரிய கட்டு. இடது கையில் ஒரு துண்டு மூட்டை. அதை என் மேஜை மேல் பிரித்துப் போட்டார். உள்ளே அவருடைய .32 பிஸ்டல்.

“பாருய்யா சேவியரு, நீ ரிப்பேர் பண்ணுன லட்சணத்த!”

குமுளியில் லைசென்ஸ் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையில் நான் இருபத்தாறு வருடங்களாக ரிப்பேர் வேலை செய்கிறேன். ஊர் வண்டிப்பெரியார். அப்பா தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். அளவு எடுக்காமல் எதிலும் கை வைக்காதவர். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிப்பதற்காக இதை எழுதி வைக்கிறேன்.

வேலுச்சாமி முதலாளிக்குச் சொந்த ஊர் கம்பம். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டம். மூன்று வாரத்துக்கு முன்பு அந்தப் பிஸ்டலை என்னிடம்தான் கொடுத்திருந்தார். சுட்ட பிறகு எம்ப்டியை, அதாவது காலித் தோட்டாக் கூட்டை, வெளியே இழுத்துப் போடுவது எக்ஸ்ட்ராக்டர் என்ற சின்னக் கொக்கி. அதன் முனை நடுவில் உடைந்திருந்தது. புதிது போட்டுக் கொடுத்தேன்.

இப்போது பார்த்தால் கைப்பிடித் தகடுகள் இரண்டும் பிளந்திருந்தன. மேலே முன்னும் பின்னும் நகர்கிற ஸ்லைடு பாதியில் நின்றுவிட்டது. தோட்டா அடுக்கும் மேகசின் கரிந்து வீங்கியிருந்தது. நான் போட்ட எக்ஸ்ட்ராக்டரைக் காணோம்.

“நீ போட்ட கொக்கி பிச்சுக்கிட்டுப் போச்சு, அதுல தான்யா வெடிச்சுது. பெருவிரல்ல ஒம்போது தையலு. நேரா ஸ்டேஷனுக்குத்தான் போறேன். கடைய இழுத்து மூட வைக்கல, நான் வேலுச்சாமி இல்ல.”

சொன்னதோடு துண்டை மறுபடி சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

கடை உரிமையாளர் குருவிளா சார் அதுவரை கல்லாவிலிருந்து எழுந்திருக்கவில்லை. மலையாளி, கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும்.

“சேவியரே, உனக்குத் தெத்துப் பத்தியிருந்தா இப்பவே பறஞ்சிரு. ஸ்டேஷன்ல பராதி எழுதியாச்சுன்னா லைசென்ஸ் போகும். பின்னே நீயும் நானும் வாசல்ல ஏலக்கா விக்கணும்.”

“தப்பு நடந்திருந்தா நானே சொல்லிருவேன் சார். ஒரு நாள் குடுங்க.”

அப்படிச் சொன்னாலும் எனக்கே சந்தேகம் இருந்தது. கொக்கியைப் பிடிக்கும் சிறு ஊசி சரியாக உட்காராமல் விட்டேனா? ஸ்பிரிங் மாறிப் போட்டேனா? நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஊசியின் அளவு, ஸ்பிரிங்கின் நீளம், டெஸ்ட் ஃபயர் எத்தனை என்று எல்லாம் வரிசையாக இருந்தது. ஆனால் அது நான் எழுதிய நோட்டு. என் பேச்சுக்கு என் கையெழுத்தே சாட்சி சொன்னால் யார் நம்புவார்கள்?

2. ஸ்டோர் கதவு

மறுநாள் புகாரை விசாரிக்க எஸ்.ஐ. முதலாளியின் தோட்டத்துக்குப் போனபோது என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். முதலாளியும் வந்தார். அவர் சுட்டது ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரின் பின்பக்கம், ஒரு தகர டின்னைக் குறி வைத்து.

“நின்ன இடத்தக் காட்டுங்க மொதலாளி” என்றேன்.

“இங்கதான். எதுக்கு, பூஜை போடப் போறியா?”

எக்ஸ்ட்ராக்டர் இருப்பது ஸ்லைடின் வலது பக்கம். பறந்தால் வலது பக்கம்தான் பறக்கும். அங்கே ஸ்டோரின் பலகைக் கதவு. கதவைச் சாய்வு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே வந்தேன். இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே, பலகைக்குள் நகக்கண் அளவு இரும்பு மினுங்கியது. நான் தொடவில்லை. எஸ்.ஐ.யைக் கூப்பிட்டேன். கூட வந்த போலீஸ்காரர் பேனாக்கத்தியால் நெம்பி எடுத்தார்.

நான் போட்ட எக்ஸ்ட்ராக்டர்தான். கொக்கி முனை அப்படியே இருந்தது.

“கழண்டு போயிருக்குல்ல? அதத்தானே நானும் சொல்றேன்” என்றார் முதலாளி.

“தானா கழண்டிருந்தா காலடியில விழுந்திருக்கும் மொதலாளி. இது கதவுக்குள்ள ஏறியிருக்கு. மொதல்ல வெடிச்சிருக்கு, அதுக்கப்புறம்தான் இது பறந்திருக்கு. அதோட, எம்ப்டிய இழுக்குறது மட்டும்தான் இதோட வேல. வெடிய தாங்குறது இது இல்ல.”

எஸ்.ஐ.யும் மலையாளிதான், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார். “அப்ப எதுதான் வெடிச்சுது?” என்றார்.

“அதுக்குப் பிஸ்டலையும் மிச்சத் தோட்டாவையும் பாக்கணும் சார்.”

3. முன், பின்

வியாழக்கிழமை எஸ்.ஐ. பிஸ்டலையும் மிச்சத் தோட்டாவையும் கடைக்குக் கொண்டுவந்தார். முதலாளியும் கூட வந்தார். வெடித்த தோட்டாவின் அடிப்பகுதி, தோட்டா உட்காரும் சேம்பரிலேயே சிக்கியிருந்தது. எடுத்துத் துடைத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கொக்கி பிடிக்கிற விளிம்பில் இரண்டு கீறல். ஒன்று அகலமாக ஒரே கோடு. இன்னொன்று நடுவில் இடைவெளி விட்ட இரட்டைக் கோடு.

அந்த இரட்டைக் கோட்டை எனக்குத் தெரியும்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. துப்பாக்கி ரிப்பேருக்கு வந்தால் கை வைப்பதற்கு முன்பே இரண்டு தோட்டா சுட்டுப் பார்ப்பேன். வேலை முடிந்ததும் ஐந்து. அந்த எம்ப்டிகளை ‘முன்’, ‘பின்’ என்று எழுதிய இரண்டு கவரில் போட்டு, ஒட்டி, துப்பாக்கி நம்பரோடு தேதி போட்டு வைப்பேன். மற்ற கடைகளில் ‘பின்’ மட்டும்தான் வைப்பார்கள், அதுவும் சிலர்தான். “சேவியர் தோட்டாவுக்குக் கல்லறை கட்டுறான்” என்று குருவிளா சார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பழுதான துப்பாக்கியைச் சுட்டு என்ன தெரிந்துகொள்ளப் போகிறாய் என்றும் கேட்டிருக்கிறார்.

இரண்டு கவரையும் எஸ்.ஐ. முன்னால் மேஜையில் வைத்து, அவரையே பிரிக்கச் சொன்னேன். ‘முன்’ கவரில் இருந்த இரண்டு எம்ப்டியிலும் அதே இரட்டைக் கோடு. முனை உடைந்த பழைய கொக்கி பிடித்த தடம். ‘பின்’ கவரில் இருந்த ஐந்திலும் அகலமான ஒற்றைக் கோடு. புதிய கொக்கியின் தடம்.

“இந்தத் தோட்டா ரிப்பேருக்கு முன்னாடியே ஒரு தடவ இந்தப் பிஸ்டல்ல போயிட்டு வந்திருக்கு சார்” என்றேன்.

முதலாளி விடவில்லை. “நான் ஏத்தியிருப்பேன், சுடாம எறக்கியிருப்பேன். அதுல என்னய்யா குத்தம்?”

நியாயமான கேள்விதான். சுடாமல் இழுத்து எடுத்தாலும் கீறல் விழும். அதனால்தான் மிச்சத் தோட்டாவைக் கேட்டிருந்தேன். மேகசினில் நான்கு இருந்தது. கம்பெனி தோட்டாவில் அடியில் பொறி கிளப்பும் கேப்பைச் சுற்றி மெல்லிய வார்னிஷ் வளையம் இருக்கும். அந்த நான்கில் ஒன்றில்கூட அது இல்லை. சுட்ட கூட்டில் கேப் மாற்றி மறுபடி நிறைத்த தோட்டா என்று அதிலேயே தெரிந்தது. எஸ்.ஐ. சம்மதித்ததும் ஒன்றைப் பிரித்து உள்ளே இருந்த வெடிமருந்தைக் காகிதத்தில் கொட்டினேன். சீல் உடைக்காத பாக்கெட்டிலிருந்து கம்பெனி தோட்டா ஒன்றை எடுத்து அதையும் பிரித்துப் பக்கத்தில் கொட்டினேன். இரண்டின் நிறமும் வேறு, துகளின் வடிவமும் வேறு. தராசில் வைத்தால் முதலாளியின் தோட்டாவில் ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தது.

குருவிளா சார் எழுந்து வந்து தராசு முள்ளைக் குனிந்து பார்த்தார்.

முதலாளி கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“வருசத்துக்கு இத்தன தோட்டாதான்னு லைசென்ஸ்ல எழுதியிருக்கான். பத்தலய்யா. பன்னி வெரட்டுற பன்னெண்டு போர் பெரிய துப்பாக்கித் தோட்டாவ எங்கய்யா காலத்துலருந்து ஸ்டோர்லதான் நெறைக்கிறோம். ஒண்ணும் ஆனதில்ல. அதே மருந்துதானேன்னு இதுலயும் நெறச்சு அமுக்குனேன்.”

“அது வேற, இது வேற மொதலாளி. பிஸ்டல் தோட்டாவுக்கு வயிறு சின்னது. அந்த மருந்த இது தாங்காது. பிஸ்டல் மேல குத்தமில்ல.”

“ஒம்மேலயும் இல்ல” என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

4. ஏழாவது வரி

முதலாளி புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் தோட்டா நிறைத்ததற்கு அவர் மேலேயே கேஸ் ஆனது. லைசென்ஸும் முடக்கப்பட்டது. எனக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. அவர் பெருவிரல் இன்றும் முழுதாக மடங்குவதில்லை. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் அந்தக் கையையே தூக்கி, “என்னப்பா கல்லறைக்காரரே” என்று கூப்பிடுகிறார். குருவிளா சாரிடமிருந்து கற்றுக்கொண்டது.

குருவிளா சார் இப்போது அந்தப் பேச்சை விட்டுவிட்டார். கவர்கள் வைக்க ஒரு இரும்பு அலமாரி வாங்கிப் போட்டு, அதன் சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறார்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வேலையைச் சரியாகச் செய்தால் மட்டும் போதாது. கை வைப்பதற்கு முன்னால் பொருள் எப்படி இருந்தது என்பதையும் பத்திரப்படுத்துங்கள். ஐந்து ‘பின்’ எம்ப்டி மட்டும் இருந்திருந்தால் அந்த இரட்டைக் கோட்டை நான் யாரிடமும் நிரூபித்திருக்க முடியாது. மருந்தைப் பிரித்துப் பார்க்கும் எண்ணமே எஸ்.ஐ.க்கு வந்திருக்காது.

கைப்பற்றிய பொருள்களுக்கு எஸ்.ஐ. எழுதிய மகசர் பட்டியலில் சாட்சியாக நானும் கையெழுத்துப் போட்டேன். மலையாளத்தில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். கைப்பிடித் தகடு இரண்டு, பிளந்தது. மேகசின் ஒன்று, வீங்கியது. ஸ்லைடு ஒன்று, விரிசல். இப்படியே போனது. ஏழாவது வரியில், எக்ஸ்ட்ராக்டர் ஒன்று, சேதமில்லை.

இருபத்தாறு வருடத்தில் என் வேலைக்கு யாரும் சர்டிபிகேட் எழுதித் தந்ததில்லை. எனக்கு அந்த வரி போதும். அன்றைய தேதியில் நோட்டில் அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.