செம்பும் எவர்சில்வரும்

மிலுன் குழாயைத் தேய்த்துக்கொண்டே பேசுவார். ஆள் இருந்தாலும் பேசுவார், இல்லாவிட்டாலும் பேசுவார். பெரும்பாலும் இருப்பதில்லை. "செம்பு தாராளப் பேர்வழி. சூட்ட வாங்கி ஒடம்பு பூராவும் பங்கு வச்சிருவான். எவர்சில்வர் கஞ்சப்பய. வாங்குன எடத்துலயே வச்சுக்கிட்டு கறுத்துப் போவான். நெருப்ப செம்புக்குத்தான் காட்டணும்." இதைச் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, எவர்சில்வருக்கென்றே வைத்திருக்கும் கம்பிப் பிரஷ்ஷை ஆணியில் மாட்டுவார்.

வால்யெவோ டவுனுக்கு மேலே மலைக்கிராமம். வீட்டுக்கு வீடு பிளம் பழத்தில் ராக்கியா என்ற சாராயம் காய்ச்சுவார்கள். அண்டாவும் மூடியும் செம்பு. ஆவியைக் குளிரவைக்கும் குழாய் இப்போதெல்லாம் எவர்சில்வர். இரண்டையும் ஒட்டுவது மிலுனின் பிழைப்பு. வயது ஐம்பத்தெட்டு. மனைவி வியன்னாவில் யாரோ ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள், ஈஸ்டருக்கு வருவாள். காலையில் இரண்டு கப் காப்பி போடுவார். இரண்டாவதை ஆறவிட்டு, அதையும் அவரே குடிப்பார்.

ஈயத்தைத் தொடமாட்டார். "குடிக்கிற சாமான்ல ஈயமா? ஊரையே பொதைக்க வேண்டியதுதான்." வெள்ளி கலந்த கம்பிதான். குழாய் ஒன்றுக்குள் ஒன்று, நடுவே காகிதம் நுழையும் அளவே இடம் விட்டு உட்கார வேண்டும். உலோகத்தின் அழுக்கைத் தின்னும் வெள்ளைப் பசையைத் தடவிச் சூடு காட்டுவார். பசை தண்ணீராய்த் தெளிந்ததும் கம்பியால் ஒரு தொடல். வெள்ளி ஒரே ஓட்டமாக வளையத்தைச் சுற்றி வந்துவிடும். அந்த நேரம் மட்டும் வாய் திறக்கமாட்டார்.

இந்த வெள்ளி வேலை பிந்தி வந்தது. முன்பு குளிர்பெட்டித் தொழிற்சாலையில் செம்போடு செம்பை ஒட்டியவர். அங்கே பாஸ்பரஸ் கலந்த செம்புக் கம்பி, பசைகூட வேண்டாம். அந்தக் கைப்பழக்கத்தில் பக்கத்து வீட்டு வுகாஷினின் எவர்சில்வர் குழாயையும் அதே கம்பியால் ஒட்டிக் கொடுத்தார். பார்வைக்கு லட்சணமாகத்தான் இருந்தது. காய்ச்சும்போது பிஸ்கட்டாக விண்டது. கசிந்த சாராய ஆவி தீப்பற்றிக்கொண்டு வுகாஷினின் வலது கை வெந்தது. அவர் மகளுக்கு மிலுன்தான் ஞானத்தகப்பன். ஒரே குடும்பம்போல இருந்தவர்கள். "நீ அடுப்ப ஓவரா எரிச்ச" என்று சொல்லிவிட்டார் மிலுன். அதோடு நான்கு வருஷம் பேச்சில்லை.

போன செவ்வாய்க்கிழமை வுகாஷின் மூடியும் குழாயுமாக வந்து நின்றார். வாசல்படியைத் தாண்டவில்லை.

"டவுன்காரன் ஒட்டுனது ஒழுகுது. பாரு மேஸ்திரி."

முன்பெல்லாம் பங்காளி என்பார்.

"டவுன்காரன் கை அப்படி."

"உன் கை மட்டும் மணந்துச்சாக்கும்."

மிலுன் மேசை இழுப்பறையைத் திறந்தார். செம்புத் துண்டு இரண்டு, எவர்சில்வர் துண்டு இரண்டு எடுத்தார். செம்போடு எவர்சில்வராக ஒரு ஜோடியைப் பழைய பாஸ்பரஸ் கம்பியால் ஒட்டினார், மற்றதை வெள்ளியால். ஆறவிட்டு, முதல் ஜோடியை மேசையோரத்து வைஸ் இடுக்கியில் கடிக்க வைத்துச் சுத்தியலை நீட்டினார்.

"அடி."

"எதுக்கு?"

"சும்மா அடிச்சுத்தான் பாரேன்."

வுகாஷின் உள்ளே வந்து அடித்தார். சுண்டுவிரல் மடங்கவில்லை, சுத்தியலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஒரே அடியில் துண்டு ஒடிந்து தெறித்தது. அடுத்ததை ஏழெட்டு அடி அடித்தார். அது வளைந்து வைஸோடு படிந்தது, ஒட்டு விடவில்லை.

"மொதல்ல ஒடிஞ்சது உன் குழாயில நான் போட்ட கம்பி. எவர்சில்வருக்கு அது ஆகாது. உன் அடுப்பு மேல தப்பில்ல."

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"உன் கை வெந்த அடுத்த வாரமே ஒட்டிப் பாத்தேன்."

வுகாஷின் ஒடிந்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். "நாலு வருஷமாடா," என்றார். அப்புறம் மூடியையும் குழாயையும் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

மிலுன் பழைய ஒட்டை எடுத்துவிட்டு வெள்ளியால் ஒட்டினார். வெந்நீரில் பசையைக் கழுவி, துடைத்துக் கொடுத்தார். வுகாஷின் அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். கேட்டுக்கு வெளியே போனபின், திரும்பாமலே சொன்னார்:

"சனிக்கிழமை அடுப்பு மூட்டுறோம்."

வா என்று சொல்லவில்லை. வரட்டுமா என்று மிலுனும் கேட்கவில்லை. சாலை வளைவில் அவர் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீட்டுக்குள் போய்ப் பெட்டியின் அடியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து உதறி, பாச்சா உருண்டை நாற்றம் போகட்டும் என்று கொடியில் வெயிலில் போட்டார்.